சிவப்புப் புள்ளி போட்ட குழாய்

மிஷின நிறுத்த வேண்டாம் சார். நீங்க பாட்டுக்குத் தைங்க. நான் இப்படி ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். லூர்துமேரி உள்ளதான இருக்கு? இருக்கட்டும், கூப்பிட வேண்டாம். வாசல்ல என் குரலக் கேட்டதும் அந்தப் பொண்ணு திரைச்சீலைய இழுத்து விட்டத நான் பாத்துட்டேன். தப்பா எடுத்துக்கல. நான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன், நீங்க அதுகிட்ட சொல்லிருங்க. புருஷன் சொன்னா காதுல போட்டுக்கும்.

என் பேரு ஆவுடையப்பன். கேரவன் ஓட்டுறேன். சினிமாக்காரங்க உள்ள உக்காந்து மேக்கப் போடுவாங்கல்ல, ஏசி, சோபா, பாத்ரூம், கீஸர் எல்லாம் வச்ச வண்டி. பதினொரு வருஷமா அந்த ஒரே வண்டிதான். என்னையப் பத்தி இந்த வீட்ல பேச்சு வந்திருக்கும். என்ன வந்திருக்கும்னும் தெரியும். அதுல பாதி நிசம். மீதிப் பாதியச் சொல்லத்தான் வந்தேன். சாலிகிராமத்துப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு. அந்தப் பையில ஆரஞ்சு இருக்கு சார். புளிக்காதுன்னு சொல்லித்தான் கடைக்காரன் குடுத்தான்.

ஆடி மாசம். உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல முப்பது நாள் ஷெட்யூல். ஹீரோயின் மேடத்துக்கு நம்ம வண்டி. மேடத்துக்கு ஹேர் டிரஸ்ஸர் உங்க வீட்டம்மா. நல்லா வேலை செய்யும் சார், அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். காலையில ஆறு மணிக்கு மேடம் வந்தா அஞ்சே முக்காலுக்குப் பெட்டியோட நிக்கும். 'ஆவுடை அண்ணே, ஏசிய கொஞ்சம் முன்னாடியே போட்டு விடுங்க'ன்னு மரியாதையாத்தான் கேக்கும். நானும் போட்டு விடுவேன். எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபமும் கிடையாது. இத நீங்க தெரிஞ்சுக்கணும். பகைய வச்சுக்கிட்டு நான் எதுவும் சொல்லல.

அஞ்சாம் நாளு மேடம் பாத்ரூமுக்குள்ள போனாங்க. போன வேகத்துல வெளிய வந்தாங்க. மூக்கப் பொத்திக்கிட்டு இந்தில என்னமோ சொன்னாங்க. எனக்கு இந்தி வராது. ஆனா மூக்கப் பொத்துனா எல்லா பாஷையிலயும் ஒரே அர்த்தம்தான சார். அவங்க அம்மா கூட இருந்தாங்க, மம்மின்னு கூப்பிடுவோம். மம்மிதான் தமிழ்ல சொன்னாங்க. அழுகுன முட்டை நாத்தம். தண்ணில வருது. குளிக்க முடியல.

என் வண்டில நாத்தம். பதினொரு வருஷத்துல இந்த வார்த்தைய நான் கேட்டதில்ல. தினம் நான்தான் அந்த பாத்ரூம கழுவுறது. கிளீனர விட மாட்டேன். பினாயில் போட்டு, பிரஷ் போட்டு, சுவத்து டைல்ஸ் வரைக்கும் தேச்சு, பழைய துணிய வச்சுத் தொடைச்சிட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வெளிய வருவேன். நானே அந்த பாத்ரூம உபயோகிக்க மாட்டேன் சார். ஒரு நாளும் இல்ல. எத்தனையோ டிரைவருங்க, ஆர்ட்டிஸ்ட் ஷாட்டுக்குப் போனதும் உள்ள பூந்து ஏசில தூங்குவான், குளிப்பான், சோப்பக்கூட எடுத்துப்பான். நான் அந்த சோபால இதுவரைக்கும் உக்காந்ததில்ல. கேட்டுப் பாருங்க, யாரு வேணா சொல்லுவாங்க.

உடனே மேல ஏறி டேங்கத் திறந்து பாத்தேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. கையில அள்ளி மோந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. ஒரு வாய் குடிச்சும் பாத்தேன். தோப்பு போர் தண்ணி, லேசா உப்பு, அவ்வளவுதான். கீழ எறங்கி பாத்ரூம் குழாயத் திறந்து பாத்தேன். அதுலயும் ஒண்ணுமில்ல. நீலப் புள்ளி போட்ட குழாய். பச்சத்தண்ணி வர்ற குழாய்.

அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. 'அண்ணே, அதுல வராது. செவப்புப் புள்ளி போட்டதத் திறங்க. வெந்நீர்லதான் வருது'ன்னு சொல்லுச்சு. ஆமா சார், சொல்லுச்சு. நான் இல்லைங்கல. அப்பவே சொல்லுச்சு.

நான் திறக்கல. ஏன்னு கேக்கறீங்களா? கேக்கல. சரி, நானே சொல்றேன். வெந்நீருங்கறது மேடம் குளிக்கறதுக்குன்னு ஜெனரேட்டர்ல காயுற தண்ணி. நான் கழுவுறது பச்சத்தண்ணில. செவப்புக் குழாய நான் தொடவே மாட்டேன். தொடாதது ஒரு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் நேத்து வந்த பொண்ணு எனக்கு என் வண்டியப் பத்திப் பாடம் எடுக்குதேன்னு ஒரு இது. 'பச்சத்தண்ணிதான வெந்நீராவுது, அதுல இல்லாதது இதுல எங்கேருந்து வரும்'னு கேட்டேன். நியாயமான கேள்விதான சார்? உங்களக் கேட்டாலும் அதத்தான கேட்டிருப்பீங்க?

நூல் அந்துருச்சா? கோத்துக்குங்க, நான் எங்கயும் போகல.

அப்பதான் எனக்கு அந்தப் பொண்ணோட டப்பா ஞாபகம் வந்துச்சு. மேடத்தோட முடி அந்த ஊரு உப்புத் தண்ணிக்கு வைக்கோலாட்டம் ஆயிப்போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ முட்டை வெள்ளக்கரு தடவணும்னு மம்மி சொல்லிட்டாங்க. அதனால உங்க வீட்டம்மா ஒரு பிஸ்கட் டப்பாவுல உமியக் கொட்டி, அதுல ஆறு முட்டைய வச்சுக்கிட்டு வரும். வண்டிக்குள்ளதான் இருக்கும் அந்த டப்பா. முட்டை நாத்தம் வருது. வண்டியில முட்டை இருக்கு. வேற யாரு வண்டிலயும் முட்டை இல்ல, வேற யாரு வண்டிலயும் நாத்தம் இல்ல. எல்.கே.ஜி. பிள்ளகூட கூட்டிச் சொல்லிரும் சார்.

நான் கேட்டேன். 'முட்டைய பாத்ரூம்ல ஊத்துறியாம்மா'ன்னு. 'தலைய அலசுனா அந்தத் தண்ணி அங்கதானண்ணே போகும். ஆனா நான் பச்சத்தண்ணிலதான் அலசுறேன். வெந்நீர் பட்டா முட்டை வெந்து முடில ஒட்டிக்கும்'னுச்சு. முட்டைங்க புதுசு, காலையில தோப்புக்காரர் வீட்ல வாங்குனதுன்னு ஒண்ண எடுத்து ஒடைச்சுக் காட்டுச்சு. மஞ்சக்கரு பொட்டு மாதிரி நின்னுச்சு. அதையும் பாத்தேன்.

பாத்துட்டும் சொன்னேன். அதுதான் நீங்க மனசுல நினைக்கறது. தெரியுது.

எப்படி சொன்னேன்னு கேளுங்க. ரெண்டு மணி நேரம் ஷூட்டிங் நிக்குது. மேடம் வண்டியில ஏற மாட்டேங்கறாங்க. புரொடக்ஷன் மேனேஜர் கோதண்டம் சார் வந்தாரு. வந்ததும் என் சட்டையப் புடிக்காத குறை. 'என்னய்யா வண்டி வச்சிருக்க, கோயமுத்தூர்லேருந்து வேற கேரவன் வரச் சொல்றேன், நீ உன் வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு'ன்னாரு. யூனிட் மொத்தமும் பாக்குது. ஹீரோவோட வண்டி டிரைவர் பாக்குறான், அவன் எனக்கு அப்புறம் வந்தவன். எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. 'வண்டியில முட்டை இருக்கு சார்'ன்னேன். அவ்வளவுதான். இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. பொய்யே சொல்லல. அந்தப் பொண்ண அனுப்புங்கன்னு நான் சொல்லவே இல்ல சார். எந்தச் சாமி முன்னாடி வேணா சொல்லுவேன், உங்க சாமியானாலும் சரி.

அனுப்பிட்டாரு. மத்தியானம் பஸ்ஸுக்கு. பொள்ளாச்சிலேருந்து வேற ஒரு அம்மாவ வரவழைச்சுட்டாங்க. உங்க வீட்டம்மா டப்பாவுல இருந்த முட்டைய சமையல்காரங்ககிட்ட குடுத்துட்டு உமியக் கீழ கொட்டிட்டு, டப்பாவக் கழுவி பெட்டிக்குள்ள வச்சுது. கழுவுனது எங்கேன்னா, என் வண்டில இல்ல, வெளிய டிரம்முல. பஸ் ஸ்டாப் ஒரு கிலோமீட்டர் இருக்கும். பெட்டிய நான்தான் தூக்கிட்டுப் போனேன். அதையும் சொல்லணும்ல. அந்தப் பொண்ணு வேண்டாம்னுச்சு, நான்தான் புடுங்கித் தூக்கிட்டுப் போனேன். வழியெல்லாம் பேசிக்கிட்டே போனேன். 'வேற படம் கெடைக்கும்மா, திறமை இருக்கு'ன்னு. பஸ்ஸுல ஏறும்போது திரும்பி, 'அண்ணே, ஒரு தடவை அந்தக் குழாயத் திறந்து பாத்திருக்கலாம்'னுச்சு. பஸ்ஸு கெளம்பிருச்சு.

அதுக்கப்புறம் நாத்தம் போயிருக்கணும்ல. போகல.

மூணு நாள் பாத்தேன். மம்மி தினமும் மூக்கப் புடிக்கறாங்க. நான் 'பைப்புக்குள்ள ஊறியிருக்கும்மா, போகப் போக சரியாயிரும்'னேன். நாலாம் நாளு உடுமலை சந்தைக்குப் போயி நல்ல வெட்டிவேரா ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்தேன். எங்க ஊர்ல கோடைக்குக் குடிதண்ணிப் பானைல வெட்டிவேர் போடுவோம், தண்ணி அப்படி மணக்கும். பானைக்கு ஒரு கொத்துன்னா டேங்குக்கு ரெண்டு கட்டுன்னு கணக்குப் பண்ணி, மல்லுத்துணில சுத்தி மேல டேங்குல போட்டேன். மறுநாள் மேடம் தலைய அலசுனா தலையெல்லாம் வேரு. துணி பிரிஞ்சிருச்சு போல. நாத்தம் போச்சான்னா, போகல. அழுகுன முட்டையோட வெட்டிவேரும் சேந்து மணக்குதுன்னு மம்மி சொன்னாங்க. அதுக்கப்புறம் மேடம் தோப்புக்காரர் வீட்ல போயிக் குளிச்சாங்க. ஷெட்யூல் முடியுற வரைக்கும் என் வண்டி பாத்ரூமுக்குள்ள யாரும் போகல. நான் மட்டும் தினம் கழுவுனேன்.

நீங்க சிரிக்கறீங்கன்னு நினைச்சேன். இல்ல, ஊசி புடிச்சிருக்கீங்க வாயில. சரி.

மெட்ராஸ் வந்ததும் வண்டி முதலாளி கீஸர் மெக்கானிக்க அனுப்பினாரு. காஜா மொய்தீன்னு பேரு. ரொம்பப் பேச மாட்டாரு. வண்டிக்குள்ள வந்தாரு, நேரா செவப்புப் புள்ளிக் குழாயத் திறந்தாரு. எங்கிட்ட கையக் காட்டி, 'வாங்க, மோந்து பாருங்க'ன்னாரு. நான் வேண்டாங்க, அது ஆர்ட்டிஸ்ட் உபயோகிக்கறதுன்னேன். 'ஆர்ட்டிஸ்ட் எங்க இருக்காங்க இப்ப'ன்னாரு.

பதினொரு வருஷத்துல அன்னிக்குத்தான் சார் அந்தத் தண்ணில கைய வச்சேன். கொடலப் புடுங்குற நாத்தம். பக்கத்துலயே நீலக் குழாய், அதத் திறந்தா ஒண்ணுமே இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை தூரம் இருக்கும். அந்தப் பொண்ணு சொன்னது அப்படியே இருந்துச்சு.

காஜா கேட்டாரு, 'இந்த வண்டி எப்பவாவது ரொம்ப நாள் நின்னுச்சா'ன்னு. நின்னுச்சு. அதுக்கு முன்னாடி வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் நின்னுச்சு, அந்தப் படத்து டைரக்டருக்குக் கால் ஒடிஞ்சு. 'அப்ப கீஸர்ல தண்ணி இருந்துச்சா'ன்னாரு. என்ன கேள்வி இது. எங்க வீட்ல வெறுங்குடத்த வீட்ல வைக்க மாட்டோம். ஊருக்குப் போனாலும் ஒரு குடம் தண்ணி நெறச்சு வச்சுட்டுத்தான் பூட்டுவோம். வண்டிய மட்டும் வெறும் டேங்கோட விட்ருவேனா? 'ரொம்பித்தான் இருந்துச்சு, கீஸரும் ரொம்பி, டேங்கும் ரொம்பி, பதினொரு வருஷத்துல ஒருநாள் காலியா விட்டதில்ல'ன்னு சொன்னேன். நெஞ்ச நிமித்தித்தான் சொன்னேன்.

அப்புறம் கீஸர வடிச்சாரு. மை மாதிரி கறுப்பா வந்துச்சு. உள்ளேருந்து ஒரு கம்பிய உருவினாரு. வெரல் தண்டி இருக்க வேண்டிய கம்பியாம், ஈர்க்குச்சியா இருக்கு, வழவழன்னு பாசி. மெக்னீசியம் கம்பின்னாரு. கீஸர் துரு ஏறாம இருக்க அதுக்குள்ள போடுறதாம். போர் தண்ணி நாள்கணக்குல அசையாம நின்னா உள்ள ஒரு கிருமி வளருமாம், அதுவும் இந்தக் கம்பியும் சேந்தா அழுகுன முட்டை நாத்தம் வருமாம். கீஸருக்குள்ள மட்டும் வருமாம். அதனால பச்சத்தண்ணில இருக்காதாம். 'முட்டையா?'ன்னு கேட்டேன். 'முட்டைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்'னாரு.

அன்னிக்கு முழுசும் கூடவே இருந்தேன். பிளீச்சிங் தண்ணிய அளவா கலந்து கீஸர்ல ஏத்தி, ஒவ்வொரு செவப்புக் குழாயிலயும் பிளீச்சிங் வாடை வர்ற வரைக்கும் திறந்து விட்டு மூடினாரு. சாயந்தரம் வரைக்கும் ஊற விட்டாரு. அப்புறம் வடிச்சு, நல்ல தண்ணி ரொப்பி, வடிச்சு, ரொப்பி, வடிச்சு. அலுமினியத்துல துத்தநாகம் கலந்த வேற கம்பி ஒண்ணு மாட்டினாரு. போகும்போது, 'வண்டி ஒரு வாரத்துக்கு மேல நின்னா வடிச்சுருங்க, காலியா நிக்கட்டும், ஒண்ணும் ஆவாது'ன்னாரு. நாத்தம் போயே போச்சு சார். இப்ப வந்தா நீங்களே குளிக்கலாம்.

முதலாளி கேட்டாரு, என்னப்பா விஷயம்னு. பழைய முட்டைய பைப்புல ஊத்தியிருக்காங்க, சுத்தம் பண்ணியாச்சுன்னு சொன்னேன்.

ஆமா. அப்பவும் அப்படித்தான் சொன்னேன். காஜாகிட்டயும் கேட்டுக்கிட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்னு. பதினொரு வருஷம் சார். என் வண்டிய நானே நாறடிச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்.

இப்ப கார்த்திகை. நாலு மாசமாச்சு. நானும் வரணும் வரணும்னுதான் இருந்தேன், வேலை விடல. நேத்து பூந்தமல்லி தாண்டி ஒரு ஷூட்டிங். சாப்பாட்டு நேரம், லைட்மேன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து கதை சொல்றான். ஒரு ஹேர் டிரஸ்ஸர் இருந்தாளாம், கேரவனுக்குள்ள கோழியே வளத்தாளாம். சோபாவுக்கு அடியில அடை வச்சு, குஞ்சு பொரிச்சு மேடம் கால் மேல ஏறிருச்சாம். அவள எந்த யூனிட்லயும் சேத்துக்க மாட்டாங்களாம், அவ வந்தா மூக்குல துணி கட்டிக்கணுமாம். எல்லாரும் சிரிக்கறாங்க. 'அண்ணே, நீங்க கேரவன்தான, உங்களுக்குத் தெரியாதா'ன்னு எங்கிட்டயே கேக்கறான். கேள்விப்பட்டதில்லன்னேன். சோத்த அப்படியே கொட்டிட்டு எந்திரிச்சேன்.

சாலிகிராமத்துல ஒரு வேலையும் இல்ல சார் எனக்கு. அந்த லைட்மேன்கிட்டயே தெருவ விசாரிச்சு, இன்னிக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். உங்க வீட்டம்மாவுக்கு நாலு மாசமா வேலை இல்லைன்னு அவன்தான் சொன்னான். அத்தன பேரையும் சிரிக்க வச்ச வாயாலயே சொன்னான்.

அதனால நீங்க லூர்துமேரிகிட்ட சொல்லிருங்க. ஆவுடையப்பன் வந்தான், குழாயத் திறந்து பாத்துட்டானாம்னு சொல்லிருங்க. அது புரிஞ்சுக்கும். அவ்வளவுதான் சார், நான் கெளம்பறேன். மனசுல இருந்தத எறக்கி வச்சாச்சு, இப்பதான் லேசா இருக்கு.

வாம்மா. நல்லா இருக்கியா? உக்காரு, நீ எதுக்கு நிக்கற. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? திரைச்சீலைக்குக் கீழ உன் காலு தெரிஞ்சுச்சு. அதான் கொஞ்சம் சத்தமாவே பேசுனேன்.

என்னம்மா இது? போனு எதுக்கு? யாருக்கு?

கோதண்டம் சாருக்கா. இப்பவா? இல்லம்மா, நேர்ல பாக்கும்போது நானே பக்குவமா... அவரு சாப்பிடுற நேரமா இருக்கும். உன்கிட்ட சொல்லிட்டேன், உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அதுக்கு மேல... 'எனக்குத் தெரிஞ்சத எனக்கே எதுக்குண்ணே சொல்றீங்க'ன்னு கேக்கறியா, அது சரிதான். நீ சொல்றது சரிதான். சார், நீங்களாவது சொல்லுங்களேன். மிஷின ஏன் நிறுத்திட்டீங்க?

நீயே போட்டுட்டியா? ரிங் போகுது. குடு.

சார், வணக்கம் சார். ஆவுடையப்பன் சார், கேரவன். நல்லா இருக்கேன் சார். வண்டி நல்லா இருக்கு. இல்ல சார், டேட் கேக்கறதுக்கு இல்ல. ஒரு விஷயம், உடுமலை ஷெட்யூல்ல லூர்துமேரிய அனுப்புனோம்ல சார். லூர்துமேரி. லூர்துமேரி சார். ஹேர் டிரஸ்ஸர். மேடத்துக்கு முதல்ல இருந்தாங்கள்ல. ஒல்லியா. பஸ் ஏத்தி விட்டோம். நீங்கதான் சார் அனுப்புனீங்க. ஞாபகம் இல்லையா?

சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. லூர்துமேரி, அவருக்கு உன்னைய ஞாபகம் இல்லைங்கறாரும்மா.

சார், சொல்லுங்க. ஆமா, நாத்தம் வந்துச்சே, அந்த ஷெட்யூல்தான். ஆமா. ஆமா சார், அந்தப் பொண்ணுதான். முட்டை நாத்தப் பொண்ணான்னு கேக்கறீங்க.

இல்ல சார். நாத்தம் என் கீஸர்ல இருந்து வந்துச்சு. ரெண்டு மாசம் தண்ணிய வடிக்காம விட்டது நான். குழாயத் திறந்து பாருங்கன்னு அது சொல்லுச்சு, நான் பாக்கல. முட்டைன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு பேரு லூர்துமேரி சார். பேனா இருந்தா எழுதிக்குங்க, நான் நிதானமாச் சொல்றேன்.